மெக்டவல் கவுண்டிக்கு முதல் தேவை தண்ணீர்க் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நிலக்கரித் தொழில் மறுபடி தலையெடுக்கிறது, கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலை மக்களுக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டது என்ற தொனியில் தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு கட்டுரை வந்தது. சுரங்கம் திறந்தால் ஊர் பிழைக்கும் என்பதுதான் அதன் சாரம். மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் இருக்கும் மெக்டவல் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) கணக்குகளை எடுத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே எந்தத் தொழிலும் கால் ஊன்ற முடியாததற்கு முதல் காரணம் குடிநீரும் கழிவுநீரும்தான். சுரங்கம் மூடியது அதற்குப் பிறகுதான் வரும். கட்டுரையில் தண்ணீர் என்ற சொல்லே இல்லாததால் இந்தக் கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

முதலில் மக்கள்தொகை. 1950 கணக்கெடுப்பில் மெக்டவல் கவுண்டியில் 98,887 பேர் இருந்தார்கள். 1960-ல் 71,359. 1970-ல் 50,666. 2020-ல் 19,111. சுற்றுச்சூழல் சட்டங்கள் சுரங்கத்தைக் கொன்றுவிட்டன என்று கட்டுரையாளர் எழுதுகிறார். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பல் முளைத்ததே 1970-ல்தான். அதற்குள் கவுண்டியில் பாதிப்பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்களை அனுப்பியது இயந்திரம். கரியை வெட்டி, அள்ளி, பட்டையில் ஏற்றும் வேலை முழுவதையும் ஒரே மூச்சில் செய்யும் தொடர்வெட்டு இயந்திரங்கள் 1940-களின் கடைசியில் வந்தன. 1950-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், கூலி உயர்வுக்கும் மருத்துவ நிதிக்கும் ஈடாக இயந்திரமயமாக்கலுக்குச் சங்கம் தடை சொல்லவில்லை. கரி வெட்டுவது நிற்கவில்லை, ஆள்தான் தேவைப்படாமல் போனது. 1986-ல் கேரி நகரைச் சுற்றியிருந்த சுரங்கங்களை உருக்கு நிறுவனமான யு.எஸ். ஸ்டீல் மூடியது கடைசிப் பெரிய அடி. ஆகவே இன்று ஒரு சுரங்கம் புதிதாகத் திறந்தாலும் 1950-ன் கூட்டம் திரும்பி வராது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மெக்டவலில் கிடைப்பது பெரும்பாலும் மின்நிலையக் கரி அல்ல. போகஹான்டஸ் மூன்றாம் எண் படுகையும் (படுகை என்பது நிலத்தடிக் கரி அடுக்கு) அதன் உறவுப் படுகைகளும் தருவது கந்தகமும் ஆவிப்பொருளும் குறைந்த, உருக்காலைக்கான கோக் கரி. மின்நிலையங்களை இன்னும் சில ஆண்டு ஓட்ட வாஷிங்டன் போடும் ஆணைகளால் இந்தச் சுரங்கங்களுக்கு நேரடிப் பயன் இல்லை. இவற்றின் தலையெழுத்தை எழுதுவது வெளிநாட்டு உருக்குச் சந்தை. கரி ரயிலேறி வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போகிறது. அங்கிருந்து கப்பலேறும் அமெரிக்கக் கோக் கரியை வாங்குவோரில் இந்திய உருக்காலைகள் முன்வரிசையில் இருக்கின்றன. 2022 மார்ச்சில் உலகச் சந்தையில் டன் 600 டாலரைத் தாண்டிய கோக் கரி, 2025-ல் 200 டாலருக்குக் கீழே கிடந்தது. விலை ஏறினால் இரண்டு ஷிப்ட், இறங்கினால் சீட்டைக் கிழிப்பது என்ற வாழ்க்கையை நம்பி எந்தக் குடும்பமும் வீட்டுக் கடன் வாங்காது, எந்தக் கடைக்காரரும் முதல் போடமாட்டார்.

வெட்டிய கரிக்கான வரியாவது ஊருக்கு வருகிறதா என்று கேட்கலாம். மேற்கு வர்ஜீனியாவில் கோக் கரிக்கு விற்பனை மதிப்பில் 5 சதவீதம் வரி. அந்த 5-ல் 0.35 மட்டும்தான் நேரடியாக உள்ளாட்சிகளுக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி மாநிலத்துக்கு. அந்த 0.35-லும் முக்கால் பங்கை வெட்டிய கவுண்டிகளும், கால் பங்கை மாநிலத்தின் எல்லாக் கவுண்டிகளும் ஊர்களும் பிரித்துக்கொள்கின்றன. நூறு டாலர் கரிக்கு இந்த வழியில் வெட்டிய கவுண்டியின் கையில் வந்து சேர்வது ஏறத்தாழ 26 சென்ட். கனமான படுகைகள் தீர்ந்து இப்போது வெட்டுவதில் பெரும்பகுதி மெல்லிய படுகை; 45 அங்குலத்துக்குக் குறைந்த படுகைகளில் பிற்காலத்தில் திறந்த சுரங்கங்களுக்கு வரியே 1 அல்லது 2 சதவீதம்தான். இந்தப் பணத்தில் சாலைக் குழியை அடைக்கலாம். தண்ணீர்த் திட்டம் போட முடியாது.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். மெக்டவலின் ஊர்கள் கம்பெனி கட்டிய ஊர்கள். சுரங்க வாயைச் சுற்றி வீடு, கடை, பள்ளி, தேவாலயம், தண்ணீர் எல்லாம் கம்பெனியுடையது. சுரங்கத்தில் ஊறும் நீரையோ மலைச் சுனையையோ மேட்டில் ஒரு தொட்டியில் ஏற்றிக் குழாய் வழியே இறக்கினார்கள். ஐம்பது, அறுபதுகளில் வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்றுவிட்டுக் கம்பெனிகள் விலகியபோது தண்ணீர் அமைப்பும் சேர்ந்தே கைமாறியது. அதைப் பராமரிக்க உரிமம் பெற்ற இயக்குநர் இல்லை, பழுதுக்கு ஒதுக்கிய நிதி இல்லை, குழாய் எந்த வழியாகப் போகிறது என்ற வரைபடம்கூடப் பல இடங்களில் இல்லை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் ஐம்பது அறுபது ஆண்டில் உள்ளுக்குள் துருப்பிடித்து, இரண்டு அங்குலக் குழாயின் வழி விரலளவுக்குச் சுருங்கிவிடும். மலைநாட்டில் நூறடி உயர வேறுபாடு சதுர அங்குலத்துக்கு 43 பவுண்டு அழுத்தத்தைக் கூட்டும். மேட்டுத் தொட்டியின் முழு அழுத்தமும் தாழ்வான கடைசி வீட்டின் குழாயில் விழுந்து அங்கே வெடிக்கும்; அதே நேரம் மேட்டு வீட்டில் சொட்டுத் தண்ணீர் வராது. இடையில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்திருந்தாலும் அதன் ரப்பர்த் தகடு கிழிந்தால் மாற்ற ஆள் வேண்டும்.

குழாய் வெடிப்பதால் வரும் கேடு கசிவோடு முடிவதில்லை. குழாயில் அழுத்தம் 20 பவுண்டுக்குக் கீழே போனால் ஓட்டைகள் வழியே வெளிச் சேறு உள்ளே இழுக்கப்படக்கூடும். கழிவுநீர் ஓடும் பள்ளத்தின் பக்கத்திலேயே குடிநீர்க் குழாய் கிடந்தால் என்ன உள்ளே வரும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் அழுத்தம் விழுந்தவுடன் 'கொதிக்கவைத்துக் குடியுங்கள்' என்ற அறிவிப்பு வரும். மற்ற ஊர்களில் இரண்டு மூன்று நாளில் பரிசோதனை முடிந்து அறிவிப்பு விலக்கப்படும். எல்க்ஹார்ன் ஓடையோரத்துக் கீஸ்டோனிலும் நார்த்ஃபோர்க்கிலும் அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கொப்புளித்துக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் கிருமி சாகும். இரும்போ மாங்கனீசோ போகாது. நீர் வற்றுவதால் அவற்றின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். பல் துலக்க, குழந்தைக்குப் பால் கரைக்க, பாத்திரத்தைக் கடைசியாக அலச என்று எல்லாவற்றுக்கும் கொதிக்கவைத்த நீர் வேண்டும். அடுப்பு மின்சாரத்தில் எரியும் வீட்டில் இது மாதக் கட்டணத்திலும் ஏறும்.

சுரங்க நீரின் தன்மை வேறு. கரிப்படுகையில் இருக்கும் இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கரைந்து இரும்பை விடுவிக்கிறது. குழாயைத் திறந்தவுடன் தெளிவாக வரும் நீர், வாளியில் கால் மணி நேரம் கிடந்தால் ஆரஞ்சு நிறமாகும். கரைந்த இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகப் படிவதே காரணம். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் கறை, 0.05 மில்லிகிராம் மாங்கனீசு போதும் கருப்புப் படிவுக்கு. இந்த வீடுகளில் புதிதாக வருபவர் முதலில் செய்யும் தப்பு, மஞ்சளான வெள்ளைத் துணிக்கு ப்ளீச் ஊற்றுவது. ப்ளீச் கரைந்த இரும்பை அந்த இடத்திலேயே துருவாக்கித் துணியில் ஆழப் பதித்துவிடும். தண்ணீர் சூடாக்கும் கலனின் அடியில் சேறு கட்டி மின்கம்பி எரிந்துபோகும். கழிப்பறைத் தொட்டிக்குள் செம்பழுப்பில் வழவழவென்று படர்வது இரும்பைத் தின்று வளரும் பாக்டீரியா. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இவற்றுக்குத் தீர்வு இல்லாமல் இல்லை: காற்றூட்டல், பர்மாங்கனேட்டு அல்லது குளோரின் கலந்து இரும்பைத் திரளச் செய்தல், பச்சைமணல் வடிகட்டி, பிறகு கிருமிநீக்கம். ஆனால் வடிகட்டியைக் குறித்த காலத்தில் பின்னோட்டம் விட்டுக் கழுவ வேண்டும், பர்மாங்கனேட்டு அளவு கூடினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். தினமும் பார்க்க ஆள் வேண்டும் என்பதே இங்கு வரும் சிக்கல்.

தண்ணீர் அமைப்பே இல்லாத ஓடையோர ஊர்களில் மக்கள் சாலையோரப் பாறையில் செருகிய குழாயில் பிடித்து வருகிறார்கள். சில இடங்களில் அது சுனை. சில இடங்களில் கைவிட்ட சுரங்கத்திலிருந்து வழியும் நீர். காரின் பின்பகுதியில் பால் வாங்கிய பிளாஸ்டிக் குடுவைகளை அடுக்கி, வாயைக் குழாயடியில் ஒட்டாமல் பிடித்து நிரப்பி, மூடியை இறுக்கிக் கொண்டுபோவார்கள். ஒரு கேலன் நீருக்கு மணமில்லாத 6 சதவீத ப்ளீச் 8 சொட்டு, கலக்கி முப்பது நிமிடம் காத்திருப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு. கலங்கிய நீரானால் முதலில் துணியில் வடிகட்டி, சொட்டை இரட்டிப்பாக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற நுண்ணுயிர்கள் இதற்குச் சாகமாட்டா, கொதிக்கவைத்தால்தான் சாகும். பால் குடுவை வேறு நாளடைவில் தையலில் விரியும், பால் கொழுப்பு முழுதாகக் கழுவப்படாது. தண்ணீர் பிடிக்கவென்றே செய்த கனமான குடுவைகளை மாற்றாகக் கொடுத்தாலே வயிற்றுப்போக்கு குறைய வாய்ப்புண்டு.

புதிய குழாய் போட ஏன் இவ்வளவு தயக்கம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஓடை நெடுக ஐந்து மைலில் அறுபது வீடு என்று கொள்வோம். 26,400 அடிக் குழாயை அறுபதால் வகுத்தால் வீட்டுக்கு 440 அடி. நகரத்தில் இது ஐம்பது அறுபது அடிதான். பள்ளம் தோண்டும் இடமெல்லாம் பாறை. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் ஓடை, நடுவில் சாலை. ரயில் பாதையைக் கடக்க உறைக்குழாய் போட்டு அடியில் துளைக்க வேண்டும், அதற்கு ரயில் கம்பெனியின் அனுமதி வேண்டும், ஓடையைக் கடக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதி வேண்டும். இதெல்லாம் முடிந்தபின் வருவது யாரும் அதிகம் பேசாத சிக்கல். தீயணைப்புக் குழாய்முனை வைக்க ஆறு அங்குலக் குழாய் கட்டாயம். ஐந்து மைல் ஆறு அங்குலக் குழாயில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர் நிற்கும். அறுபது வீடும் ஒரு நாளைக்குத் தலா 400 லிட்டர் செலவழித்தால் 24,000 லிட்டர். அதாவது உள்ளே நுழைந்த நீர் வெளியேற ஆறு நாள் ஆகும். அதற்குள் குளோரின் செத்துவிடும். கடைசி முனையைத் திறந்து வாரந்தோறும் நல்ல தண்ணீரை ஓடையில் விட வேண்டும், அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்த செலவும் அறுபது வீட்டின் தலையில்தான். வீடு ஐம்பதாகக் குறைந்தால் கட்டணம் இன்னும் ஏறும். மக்கள் வெளியேறுவதால் கட்டணம் ஏறி, கட்டணம் ஏறுவதால் மக்கள் வெளியேறும் இந்த வட்டத்தை எந்தச் சுரங்கமும் உடைக்காது. வெளிப் பணம்தான் உடைக்கும்.

கழிவுநீர் இதைவிடக் கடினம். பல வீடுகளில் கழிப்பறைக் குழாய் நேராக ஓடைக்குப் போகிறது. மக்களின் அலட்சியம் என்று எழுதுவது அநியாயம். செப்டிக் தொட்டி வைத்தால் வெளிவரும் நீரை மண் உறிஞ்ச வேண்டும். அதற்கு ஆழமான மண், மிதமான சரிவு, ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் உரிய தூரம் வேண்டும். இருபதடி அகல மனையில் முன்னால் சாலை, பின்னால் செங்குத்து மலை, ஓரடி மண்ணுக்குக் கீழே பாறை. எந்தச் சுகாதார அலுவலரும் அங்கே கையெழுத்துப் போட முடியாது. பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையம், வீட்டுத் தொட்டியில் கசடு தங்க நீரை மட்டும் சிறுகுழாயில் கொண்டுசெல்லும் முறை ஆகியவை இந்த நிலத்துக்குப் பொருந்தும். ஆனால் தொட்டிகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்காவிட்டால் சிறுகுழாய் அடைத்துக்கொள்ளும். யார் எடுப்பது என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதாத திட்டம் பத்தாண்டில் பாழாகும்.

தொழில் வாய்ப்புக்கும் இதுவே முட்டுக்கட்டை. ஹாட்ஃபீல்ட்-மெக்காய் மலைப்பாதைகள் 2000-ல் தொடங்கின. நான்கு சக்கர மலைவண்டி ஓட்ட வெளிமாநிலங்களிலிருந்து ஆண்டுதோறும் பெருங்கூட்டம் வருகிறது. மெக்டவலிலும் பாதைகள் இருக்கின்றன, ஊர்த்தெருக்களில் அந்த வண்டிகளை ஓட்ட அனுமதி இருக்கிறது. கவுண்டியில் கண்கூடாக வளரும் தொழில் இது ஒன்றே. பாழடைந்த பள்ளியை விடுதியாக்கலாம், நான்கு குடில் கட்டலாம், வண்டிவீடு நிறுத்துமிடம் போடலாம் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் திட்டம் போட்டு வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது கழிவுநீர் அனுமதி. அது இல்லாததால் கடன் இல்லை. வருகிறவர்களில் பலர் தங்குவதும் செலவழிப்பதும் பக்கத்துக் கவுண்டியில். 2010-ல் திறந்த கூட்டாட்சிச் சிறை இதற்கு மறுகோடி: சுரங்கம் வெட்டித் தட்டையாக்கிய மேட்டில் அரசே குழாய் கொண்டுபோய்க் கட்டியது. ஆனால் கூட்டாட்சிச் சிறைக் காவலர் வேலைக்கு அப்போது 37 வயதுக்குள் சேர வேண்டும், கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும். ஆட்குறைப்பில் வீட்டுக்கு வந்த 45 வயதுச் சுரங்கத் தொழிலாளிக்கு அந்த வாசல் மூடியது.

கடைகளைப் பற்றிச் சுருக்கமாக. 2005-ல் கவுண்டியின் கிம்பல் ஊரில் திறந்த வால்மார்ட் 2016 ஜனவரியில் மூடியது. வேலை போனதோடு, காய்கறியும் இறைச்சியும் ஒரே இடத்தில் வாங்க மலைச்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டும் நிலை வந்தது. அந்தக் கடையின் உபரி உணவை நம்பியிருந்த உணவு வங்கிக்கும் வரத்து நின்றது. ஏழைகள் உணவு வாங்க அரசு சீட்டுத் தரும், ஜான் கென்னடி கொண்டுவந்த உணவு முத்திரைத் திட்டத்தின் முதல் முத்திரைகள் 1961 மே 29-ல் கொடுக்கப்பட்டது இதே கவுண்டியின் வெல்ச் நகரில். 2025 ஜூலையில் இயற்றிய சட்டம், சிறு குழந்தைகள் இல்லாத 64 வயது வரையிலான பெரியவர்கள் மாதம் 80 மணி நேர வேலையையோ பயிற்சியையோ காட்டினால்தான் அந்த உதவி தொடரும் என்கிறது. வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டினால் விலக்கு. மெக்டவலில் வேலை தேடுவதையே விட்டவர்கள் அந்த விகிதத்தில் சேரமாட்டார்கள். நுரையீரல் கெட்டும் முதுகு உடைந்தும் வீட்டில் இருப்பவர்களும் சேரமாட்டார்கள். அதனால் உண்மை நிலைமையைவிடப் புள்ளிவிவரம் நன்றாகத் தெரியும், விலக்கு கைநழுவும்.

நுரையீரல் என்றதும் ஒன்று. படுகை 30 அங்குலம், இயந்திரமும் ஆளும் நுழைய 48 அங்குலம் வேண்டுமென்றால் மிச்சப் பதினெட்டு அங்குலம் மணற்பாறை. அதை வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூள் கரித்தூளைவிடப் பலமடங்கு கொடியது. மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கரிநுரையீரல் நோய் இருப்பதாக 2018-ல் அரசு ஆய்வாளர்கள் கண்டார்கள். கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்கா என்ற புதிய வரம்பை 2024-ல் அறிவித்தும், கரிச் சுரங்கங்களில் அது நடைமுறைக்கு வர வேண்டிய 2025 ஏப்ரலில் தள்ளிவைக்கப்பட்டது. சுரங்க வேலை பெருகும் என்று மகிழ்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த வரம்பைத்தான். இந்த மலைகளின் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகளாக இந்திய மருத்துவர்கள், தமிழர்கள் உட்பட, வேலை பார்க்கிறார்கள். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர் தாய்நாடு திரும்பாமல் தங்க வேண்டுமானால் மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்றாண்டு பணியாற்ற வேண்டும் என்ற விதியே பலரைக் கொண்டுவந்தது. மூன்றாண்டு முடிந்ததும் பெரும்பாலோர் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். துணைவருக்கு வேலையும் பிள்ளைக்குப் பள்ளியும் குடியிருக்க வீடும் இல்லாத இடத்தில் தங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வீடு இல்லை என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விந்தையாகத் தோன்றும், ஏனென்றால் காலி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊரில் தாத்தா பெயரில் பட்டா, பேரப்பிள்ளைகள் பதினெட்டுப் பேர் என்ற வழக்கை நினைத்துக்கொண்டால் புரியும். உயில் இல்லாமல் இறந்தவர்களின் வீடு ஒஹாயோ, மிச்சிகன், வட கரோலினா எனப் பரவிய வாரிசுகளுக்கெல்லாம் பொது. ஒருவர் கையெழுத்து கிடைக்காவிட்டாலும் நீதிமன்றம் போகாமல் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, சில திட்டங்களில் பழுது பார்க்க உதவியும் கேட்க முடியாது. இடிக்கலாம் என்றால் வில்லங்கம் பார்த்து, நோட்டீஸ் கொடுத்து, கல்நார் இருக்கிறதா என்று உரிமம் பெற்றவர் சோதித்து, பத்து வேலை நாளுக்கு முன்னதாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மேடான நல்ல நிலம் பெரும்பாலும் வெளியூர் நிலக் கம்பெனிகளின் கையில். அவை குத்தகைக்குத் தரும், விற்பது அரிது. நிலத்துக்குக் கீழே இருக்கும் கனிமம் வேறொருவர் பெயரில் இருக்கும்.

மிஞ்சிய சமதரை ஓடையோரம். அங்கே வெள்ளம். 2001 ஜூலை, 2002 மே, 2025 பிப்ரவரி 15 ஆகியவை பெரியவை. செங்குத்து மலையில் விழுந்த மழை ஒன்றிரண்டு மணியில் டக் ஃபோர்க் ஆற்றிலும் எல்க்ஹார்ன் ஓடையிலும் இறங்கிவிடும், எச்சரிக்கைக்கு நேரமிருக்காது. பிறகு வரும் விதிகள்தாம் ஊரைக் காலி செய்கின்றன. வெள்ளச் சமவெளியில் வீட்டின் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் சேதமானால் புதுக் கட்டட விதிப்படி உயர்த்தித்தான் கட்ட வேண்டும். ஐந்து லட்சம் டாலர் வீட்டில் பாதி என்பது பெரிய சேதம். 30,000 டாலர் வீட்டில் தரையும் சுவர்ப் பலகையும் உலைக்கலனும் போனாலே பாதி தாண்டிவிடும். 2025 வெள்ளத்தின்போது கூட்டாட்சி அவசர முகமையின் வீட்டு உதவிக்கு உச்சவரம்பு 43,600 டாலர். உயர்த்திக் கட்ட அது போதாது. அரசுக்கே வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்ற திட்டம் உண்டு, செலவில் 75 சதவீதம் கூட்டாட்சியுடையது. ஆனால் வாங்கிய வீட்டை 90 நாளில் இடித்து, அந்த மனையை என்றென்றும் வெட்டவெளியாக விட வேண்டும். மக்களின் உயிருக்கு அது சரியான விதி. ஊருக்கு, இருந்த ஒரே சமதரையும் வரி கட்டும் ஒரு வீடும் தண்ணீர்க் கட்டணம் கட்டும் ஒரு மீட்டரும் போய்விடும். ஆகவே வெள்ளத்துக்கு எட்டாத மேட்டில் குழாயோடு கூடிய மனைகளை முதலில் உண்டாக்கிவிட்டுப் பிறகு பழைய வீட்டை வாங்க வேண்டும். இந்த வரிசை மாறினால் இடம்பெயரும் குடும்பம் மாநிலத்தைவிட்டே போகும்.

பணம் இல்லாமல் இல்லை. 1965-ல் தொடங்கிய அப்பலாச்சிய மண்டல ஆணையம் மிக நலிந்த கவுண்டிகளுக்குத் திட்டச் செலவில் 80 சதவீதம் வரை தருகிறது. வேளாண் துறையின் ஊரகப் பிரிவு 75 சதவீதம் வரை மானியமும் 40 ஆண்டுக் கடனும் தரும். 1977-க்கு முன் கைவிட்ட சுரங்கத்தால் கெட்ட நீராதாரத்துக்கு மாற்றாகக் குழாய் போட, 2021 உள்கட்டமைப்புச் சட்டம் ஒதுக்கிய 11.3 பில்லியன் டாலர் நிதியில் வழி உண்டு. மூன்றுக்கும் மூன்று விண்ணப்பம், மூன்று தணிக்கை. ஒன்றின் கெடு முடிவதற்குள் மற்றொன்றின் ஒப்புதல் வராவிட்டால் முதல் பணம் திரும்பிப் போகும். கெட்டது சுரங்கத்தால்தான் என்று நிரூபிக்கச் சுரங்க வரைபடமும் பல பருவ நீர்ச் சோதனையும் கேட்பார்கள். எல்க்ஹார்ன் ஓடையோரம் இப்படித்தான் ஒவ்வொரு கட்டமாகப் பணம் சேர்த்துப் புதிய குழாய் போட்டார்கள். பழைய கம்பெனி அமைப்புகளைக் கவுண்டியின் பொதுச் சேவை மாவட்டம் (குடிநீர், கழிவுநீரைக் கவனிக்கும் பொது அமைப்பு) ஏற்றுக்கொண்ட ஊர்களில் நீர் தெளிவாக வருகிறது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது முதற்கட்டப் பொறியியல் அறிக்கை. நீராதாரம், மாற்று வழிகள், குழாயின் பாதை, செலவு, மாதக் கட்டணம் எவ்வளவு வரும் என்று உரிமம் பெற்ற பொறியாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மானியம் கிடைத்த பிறகு இந்தச் செலவை அதில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முன்பணம் ஊர்தான் போட வேண்டும். முந்நூறு பேர் வாழும் ஊரின் கணக்கில் அந்தப் பணம் இருக்காது. 2025 வெள்ளத்தின்போது பல இடங்களிலிருந்து புட்டித் தண்ணீரும் துணியும் லாரி லாரியாக வந்தன. அந்த வாரத்துக்கு அவை தேவைதான். அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் நிதி திரட்டுவோருக்கு என் வேண்டுகோள் வேறு. குடிநீர் இல்லாத ஓர் ஓடையோர ஊருக்கு ஓர் அறிக்கையின் முன்பணத்தையும், வாரிசுச் சிக்கலில் நிற்கும் மனைகளுக்கு ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தையும் கவுண்டியின் பொதுச் சேவை மாவட்டத்தோடு பேசி ஏற்றுக்கொள்ளுங்கள். தாங்களும், இந்திய உருக்காலைகள் வாங்கும் கோக் கரியைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, அது கிளம்பி வரும் ஊரில் குழாயில் என்ன வருகிறது என்பதையும் ஒரு பத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊரகக் குடிநீர்த் திட்டப் பொறியாளர்,
ப்ளூஃபீல்ட், மேற்கு வர்ஜீனியா.